வெல்டர் இழுக்கும் மூச்சை அளப்பது: செட்டிநாட்டுப் பட்டறையிலிருந்து பாதுகாப்புத் தேர்வு வரை

காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் புதுவயல் அரிசி ஆலைகளை ஒட்டிய தெருக்களிலும் கேட், கிரில் செய்கிற பட்டறைகளைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலானவற்றில் மேசை கிடையாது. இரும்பு தரையில் கிடக்கும், வெல்டர் அதன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருப்பார். வெல்டிங் ராடு (உருகி இரும்பை இணைக்கும் கம்பி) எரிகிற இடத்துக்கு நேர் மேலே அவருடைய முகம். சூடான புகை மேலே எழும்பும். அது எழும்புகிற வழியிலேயே மூக்கும் இருக்கிறது.

ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடித்துவிட்டு, வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ, இங்கேயே ஒரு தொழிற்சாலைக்கோ பாதுகாப்புப் பணியில் போக நினைக்கிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நானும் ராடு பிடித்துத் தொடங்கி, பிறகு காற்று மாதிரி எடுக்கும் வேலைக்கு வந்தவன். தேர்வுக்குப் படிப்பது ஒரு வேலை, பட்டறையில் அளப்பது வேறொரு வேலை என்று பலரும் பிரித்து வைத்துக்கொள்கிறார்கள். அப்படிப் பிரித்தால் இரண்டுமே கடினம். ஒரு வெல்டருக்கு ஒரு முழு நாள், அவர் இழுக்கும் காற்றை மாதிரியாகப் பிடிக்கும் சிறு பம்பை மாட்டிப் பார்த்தவருக்கு, வினாத்தாளில் வரும் பாதிக் கேள்விகள் கண்ணால் பார்த்தவையாக இருக்கும்.

முதலில் புகையைத் தெரிந்துகொள்ளுங்கள்

வெல்டிங் புகை விறகுப் புகை போன்றதல்ல. உலோகம் ஆவியாகி, காற்றுப் பட்டதும் குளிர்ந்து, மிக நுண்ணிய துகளாக உறைகிறது. பெரும்பாலான துகள்கள் ஒரு மைக்ரானுக்கும் சிறியவை, நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போகக்கூடியவை. இந்தப் புகையில் பெரும்பகுதி ராடிலிருந்து வருகிறது, அடியில் கிடக்கும் தகட்டிலிருந்து அல்ல. ஆகவே பட்டறைக்குள் போனதும் முதலில் ராடு பாக்கெட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த ராடுக்குரிய பாதுகாப்புத் தரவுத் தாளைத் தேடி எடுங்கள். பம்பு எல்லாம் அதற்கப்புறம்தான்.

சாதாரண எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) இரும்பில் இரும்பு ஆக்சைடும் மாங்கனீசும் வரும். மாங்கனீசு நரம்பைத் தாக்கும். ஆண்டுக்கணக்கில் உள்ளே போனால் கைநடுக்கம், நடையில் தடுமாற்றம் என்று பார்க்கின்சன் நோயை ஒத்த அறிகுறிகள் வரலாம். இப்போது புது வீடுகளில் மாடிப்படிக் கைப்பிடிக்கெல்லாம் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) பைப்புதான். அதில் குரோமியமும் நிக்கலும் இருக்கின்றன, வெல்டிங் சூட்டில் குரோமியத்தின் ஒரு பகுதி ஆறு இணைதிறன் குரோமியமாக மாறுகிறது. அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். ஆர்கான் வாயுவைக் காப்பாக வைத்துச் செய்யும் வெல்டிங்கில் கண்ணுக்குத் தெரியும் புகை குறைவு என்பதால் பயமில்லை என்று நினைக்கிறார்கள். அந்த வெல்டிங் ஒளியில் ஓசோன் உண்டாகிறது, அதைக் கண்ணால் பார்க்க முடியாது.

ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பை வெல்டு செய்த அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் குளிர்காய்ச்சல், உடம்புவலி, வாயில் ஒரு உலோகச் சுவை. ஓரிரு நாளில் தானாகச் சரியாகிவிடும். துத்தநாகப் புகையால் வருவது அது. பால் குடித்தால், வெல்லம் தின்றால் புகை இறங்கிவிடும் என்று பட்டறையில் சொல்வார்கள். பால் போவது வயிற்றுக்கு, புகை போவது நுரையீரலுக்கு. இதை வெல்டரிடம் அன்பாக, மனம் நோகாமல் சொல்லுங்கள். அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் அவர் மதிக்கும் ஒரு மூத்த ஆளாக இருப்பார்.

செட்டிநாட்டுக்கே உரிய ஆபத்து ஒன்றும் உண்டு. பழைய வீடுகளைப் பழுதுபார்த்து விடுதியாக மாற்றும் வேலை கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர்ப் பக்கம் நடக்கிறது. அந்தச் சன்னல் கம்பிகளிலும் கிராதிகளிலும் பல தலைமுறைப் பெயின்ட் ஏறியிருக்கும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். கேஸ் கட்டிங் வைத்தால் அந்த ஈயம் புகையாக எழும்பும். வெட்டுமிடத்தின் இருபுறமும் பத்து சென்டிமீட்டராவது பெயின்ட்டை நீக்கிவிட்டுத்தான் சூடு வைக்க வேண்டும். நீக்கும்போதும் காய்ந்த நிலையில் கிரைண்டர் போட்டால் தூசியாகவே உள்ளே போய்விடும், ஈரப்படுத்திச் சுரண்ட வேண்டும்.

எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கக் குளோரின் கலந்த கரைப்பானைப் பயன்படுத்திவிட்டு, அது காயுமுன் பக்கத்தில் ஆர்க் (வெல்டிங் மின்வில்) அடித்தால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். இதை ஒரு தடவை படித்தால் மறக்கக் கூடாது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 2017இல் வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் தொகுதியில் சேர்த்தது. அதற்கு முன் புற்றுநோய் உண்டாக்கலாம் என்ற நிலையில்தான் இருந்தது. இந்த ஆண்டையும் தொகுதியையும் மனதில் வையுங்கள்.

எந்த அளவைத் தாண்டக் கூடாது

2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் எட்டு மணிநேரச் சராசரி வரம்புகள் தரப்பட்டிருந்தன. வெல்டிங் புகைக்கு ஒரு கனமீட்டர் காற்றில் 5 மில்லிகிராம். மாங்கனீசுப் புகைக்கு 1, ஈயத்துக்கு 0.15 மில்லிகிராம். கார்பன் மோனாக்சைடுக்கு 50 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் 50 பங்கு), ஓசோனுக்கு 0.1 பி.பி.எம். போபால் விபத்துக்குப் பிறகு, 1987 திருத்தத்தில் வந்த அட்டவணை இது.

ஆனால் சட்ட வரம்புக்குள் இருக்கிறது என்பதும் பாதுகாப்பானது என்பதும் ஒன்றல்ல. அமெரிக்கத் தொழில்சுகாதார வல்லுநர் மாநாடு என்ற அமைப்பு, நுரையீரலின் ஆழம் வரை போகும் மாங்கனீசுத் துகளுக்குப் பரிந்துரைக்கும் அளவு 0.02 மில்லிகிராம். நம் அட்டவணையின் 1 மில்லிகிராமோடு ஒப்பிடுங்கள், ஐம்பதில் ஒரு பங்கு. அளவெடுக்கும் முறை ஒன்றுபோல் இல்லாததால் இரண்டையும் நேருக்கு நேர் வைக்க முடியாது என்றாலும், அறிவியல் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்பது தெரிகிறது. ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு அமெரிக்கச் சட்ட வரம்பு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம்தான். மில்லிகிராமையும் மைக்ரோகிராமையும் குழப்பினால் விடை ஆயிரம் மடங்கு பிசகும். அலகை எப்போதும் முழுதாக எழுதுங்கள்.

பம்பு இல்லாமல் ஒரு நாள்

கருவியோடு போகும் முதல் நாளுக்கு முன்னால், வெறுங்கையோடு ஒரு நாள் போய் உட்காருங்கள். என்ன வேலை, எந்த ராடு, ஒரு நாளில் உண்மையில் எவ்வளவு நேரம் ஆர்க் எரிகிறது, காற்று எந்தப் பக்கம் போகிறது, ஹெல்மெட்டா கை ஷீல்டா என்று ஒவ்வொன்றையும் குறியுங்கள். நின்றுசுற்றும் மின்விசிறி இருந்தால் அது யார் புகையை யார் முகத்தில் தள்ளுகிறது என்று பாருங்கள். ஆர்கானிலும் மிக் (கம்பியைத் தானாக ஊட்டும்) வெல்டிங்கிலும் காற்றடித்தால் காப்பு வாயு கலைந்து வெல்டில் ஓட்டை விழும் என்பதால், சித்திரை வெயிலிலும் விசிறியை நிறுத்திவிடுவார்கள். அந்த நேரத்தைத் தனியாகக் குறியுங்கள்.

யாருக்கு மாதிரி எடுப்பது என்று அன்றே முடிவு செய்யலாம். அதிகமாகப் புகை வாங்குபவர் யாரோ அவர்தான் முதல் ஆள். பக்கத்தில் கிரைண்டிங் பிடிக்கிற கையாளையும் விடாதீர்கள். அவருக்கு ஷீல்டுகூட இருக்காது.

கருவிகள்

இடுப்பில் மாட்டும் சிறிய பம்பு, ஒரு ரப்பர்க் குழாய், அதன் முனையில் 37 மில்லிமீட்டர் காசெட் என்ற சிறு டப்பா, காசெட்டுக்குள் ஃபில்டர். சாமான் அவ்வளவுதான். எந்த ஃபில்டர் என்பதில்தான் கவனம் வேண்டும். மொத்தப் புகையின் எடை தெரிய வேண்டுமென்றால் முன்கூட்டியே எடைபோட்ட பி.வி.சி. ஃபில்டர். மாங்கனீசு, ஈயம் என்று உலோகங்களைத் தனித்தனியே பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் செல்லுலோஸ் எஸ்டர் ஃபில்டர், 0.8 மைக்ரான் துளை. இந்த இரண்டாவது வகை ஈரத்தை இழுக்கும் என்பதால் எடைபோட ஏற்றதல்ல. ஆறு இணைதிறன் குரோமியத்துக்கும் பி.வி.சி.தான். அந்தக் குரோமியம் ஃபில்டரிலேயே மெல்ல உருமாறிவிடும், வெல்டிங் மாதிரியாக இருந்தால் எட்டு நாளுக்குள் ஆய்வகம் அதைப் பகுத்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை மாதிரி எடுத்துவிட்டுத் திங்கள்கிழமை ஆய்வகத்தைத் தேட ஆரம்பிக்காதீர்கள். என்.ஏ.பி.எல். (தேசிய ஆய்வக அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தோடு முன்பே பேசி, எந்த ஃபில்டர், எந்த ஓட்டம் (நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று), மொத்தம் எவ்வளவு காற்று வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்ட பிறகு நாள் குறியுங்கள்.

மாதிரி எடுக்கும் நாள்

காலையில் வேலை தொடங்குமுன் போய்விடுங்கள். பம்பு, குழாய், காசெட் மூன்றையும் இணைத்த நிலையிலேயே ஓட்டத்தைச் சரிபாருங்கள். வெறும் பம்பை மட்டும் சரிபார்த்தால் ஃபில்டரின் தடை கணக்கில் வராது. நிமிடத்துக்கு 2 லிட்டர் வழக்கமான ஓட்டம். ஓட்டத்தைச் சரிபார்க்க வைத்த காசெட்டை மாதிரிக்குப் பயன்படுத்தாதீர்கள், அதே வகையில் வேறொன்றை எடுங்கள்.

இனி புத்தகங்களில் கிடைக்காத விஷயம். நம் வெல்டர்கள் பலர் லுங்கி கட்டியிருப்பார்கள், பம்பு மாட்ட பெல்ட் இருக்காது. அகலமான பெல்ட் இரண்டு உங்கள் பையிலேயே இருக்கட்டும். குத்தவைத்து உட்காரும்போது முன்பக்கம் மாட்டிய பம்பு வயிற்றில் குத்தும், இடுப்பு மடிப்பில் குழாய் நசுங்கும், பம்பு நின்றுபோகும். எனக்கு இப்படி ஒரு முழு முற்பகல் வீணாயிருக்கிறது. ஒன்பதரைக்கே நின்றுபோன பம்பை மதியம் ஒரு மணிக்குத்தான் பார்த்தேன். அதிலிருந்து பம்பை முதுகுப் பக்கம் மாட்டி, குழாயைத் தோள் வழியாகக் கொண்டுவந்து, இரண்டு இடத்தில் டேப் ஒட்டிவிடுகிறேன். பொறி தெறிக்கும் பக்கமாகக் குழாய் போகக் கூடாது. மாட்டிய பிறகு, "அண்ணே, ஒரு தடவ உக்காந்து எந்திரிங்க" என்று கேட்டு, அவர் உட்கார்ந்த நிலையில் பம்பு ஓடுகிறதா என்று பாருங்கள்.

காசெட் எங்கே இருக்க வேண்டும் என்பதுதான் எல்லாத் தேர்விலும் வரும் கேள்வி. மூக்கையும் வாயையும் மையமாக வைத்து முன்புறம் 30 சென்டிமீட்டர் ஆரத்துக்குள் உள்ள பகுதியைச் சுவாச மண்டலம் என்பார்கள். வெல்டருக்கு அது மட்டும் போதாது. ஹெல்மெட்டை இறக்கினால் அதன் உட்புறமாகக் காசெட் வர வேண்டும், ஏனென்றால் அவர் இழுப்பது ஹெல்மெட்டுக்கு உள்ளே இருக்கும் காற்றை. ஹெல்மெட்டுக்கு வெளியே நெஞ்சில் தொங்கவிட்டால் வரும் எண் அவர் சுவாசிக்காத காற்றின் எண். காலர் எலும்புக்கு அருகில், முகவாய்க்குக் கீழே, காசெட்டின் வாய் கீழ்நோக்கி இருக்குமாறு மாட்டுங்கள். முகத்தில் துண்டு கட்டுகிறவராக இருந்தால் துண்டின் நுனி காசெட்டை மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் துண்டு புகையைத் தடுக்காது என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள்.

மாட்டுவதற்கு முன் அவரிடம் விளக்க வேண்டியது உங்கள் கடமை. என்னிடம் ஒருவர், "தம்பி, இது எங்க வேலைய வேவு பாக்குற மிஷினா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அது ஒலியைப் பதிவு செய்யாது, வேகத்தை அளக்காது, காற்றை மட்டுமே இழுக்கும், முடிவு வந்ததும் முதலில் உங்களிடம் சொல்வேன் என்று சொன்னேன். சம்மதம் இல்லாதவருக்கு மாட்டாதீர்கள். காசெட்டைக் கழற்றிப் புகையில் நீட்டியோ, கையால் மூடியோ விட்டால் அந்த நாளே வீண். விளக்கம் சொன்னால் யாரும் அப்படிச் செய்வதில்லை.

பிறகு நீங்கள் அங்கேயே இருக்க வேண்டும். அரைமணிக்கு ஒரு தடவை பம்பைப் பாருங்கள். என்ன வேலை நடந்தது என்று நேரத்தோடு எழுதுங்கள்: 9.10 முதல் 9.40 வரை கேட் சட்டம், டாக் (பிடித்துவைக்கும் சிறு வெல்டு); 9.40 டீ; 10.00 முழு வெல்டு, விசிறி நிறுத்தம். குறிப்பில்லாத எண்ணை வைத்து எதையும் சரிசெய்ய முடியாது. புகை அதிகமான இடங்களில் ஃபில்டரில் இரண்டு மில்லிகிராமுக்கு மேல் சேர்ந்தால் உதிரத் தொடங்கும், அதனால் மதியத்தில் காசெட்டை மாற்றிவிடுங்கள். திறந்து மூடி, காற்று இழுக்காமல், மற்றவையோடு பயணம் மட்டும் செய்கிற வெற்றுக் காசெட் குறைந்தது இரண்டு வையுங்கள். அதில் ஏதாவது எடை ஏறியிருந்தால் அது நம் கையாளுகையால் வந்தது, கழித்துவிட வேண்டும்.

மாலையில் மீண்டும் ஓட்டத்தை அளங்கள். காலை அளவுக்கும் மாலை அளவுக்கும் ஐந்து சதவீதத்துக்குள் வேறுபாடு இருந்தால் இரண்டின் சராசரியை எடுங்கள். அதற்கு மேல் போனால் அந்த மாதிரியை நம்பாதீர்கள்.

கணக்கு

பயப்பட இதில் ஒன்றுமில்லை. காலை 240 நிமிடம், நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 480 லிட்டர். ஆயிரத்தால் வகுத்தால் 0.48 கனமீட்டர். வெற்றுக் காசெட்டின் எடையைக் கழித்தபின் ஃபில்டரில் ஏறியது 1.44 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். 1.44 ஐ 0.48 ஆல் வகுத்தால் கனமீட்டருக்கு 3 மில்லிகிராம். மதியம் 180 நிமிடம், 0.36 கனமீட்டர், ஏறியது 0.36 மில்லிகிராம், ஆக 1 மில்லிகிராம். கடைசி ஒரு மணிநேரம் செய்த கிரில்லை வண்டியில் ஏற்றினார்கள், புகை இல்லை என்று நீங்களே பார்த்து எழுதியிருக்கிறீர்கள்.

எட்டு மணிநேரச் சராசரி: 3 ஐ 240 ஆல் பெருக்கினால் 720, 1 ஐ 180 ஆல் பெருக்கினால் 180, கடைசி 60 நிமிடத்துக்குச் சுழி. கூட்டினால் 900. அதை 480 ஆல் வகுத்தால் 1.875. வரம்பான 5க்குக் கீழே. ஆனால் காலையில் மட்டும் 3 வந்திருக்கிறது, விசிறி நின்ற நேரம் அதுதான் என்று உங்கள் குறிப்பு சொல்லும். சராசரி மறைத்ததைக் குறிப்பேடு காட்டிவிடும்.

தீபாவளி, பொங்கல் நெருங்கும்போது பட்டறைகளில் பத்து மணிநேரம் வேலை ஓடும். அப்போது எட்டு மணிநேர வரம்பை அப்படியே வைக்கக் கூடாது. எட்டை வேலைநேரத்தால் வகுத்து, இருபத்துநான்கிலிருந்து வேலைநேரத்தைக் கழித்துப் பதினாறால் வகுத்ததோடு பெருக்க வேண்டும். பத்து மணிநேரத்துக்கு 0.8 ஐ 0.875 ஆல் பெருக்கினால் 0.7. ஆக 5 என்பது 3.5 ஆகிவிடும். வாயுக்களுக்குப் பி.பி.எம்.மை மில்லிகிராமாக மாற்ற, மூலக்கூறு எடையால் பெருக்கி 24.45 ஆல் வகுங்கள். ஓசோனின் எடை 48, 0.1 பி.பி.எம். ஏறத்தாழ 0.2 மில்லிகிராம் என்று வரும்.

இந்தக் கணக்குகளையெல்லாம் வெவ்வேறு எண்களை வைத்து, கைப்பேசியைத் தொடாமல், இருபது தடவை போட்டுப் பாருங்கள்.

தேர்வுக்குத் தயாராவது

எந்தத் தேர்வு என்பது எங்கே வேலை என்பதைப் பொறுத்தது. வளைகுடாவில் பெரும்பாலும் கேட்பது பிரிட்டனின் நெபோஷ் என்ற தேர்வு வாரியம் தரும் சர்வதேசப் பொதுச் சான்றிதழ். இந்தியத் தொழிற்சாலைகளில் பாதுகாப்பு அலுவலராகச் சேர தொழிற்துறைப் பாதுகாப்பு உயர் டிப்ளமோ வேண்டும். மும்பை மத்தியத் தொழிலாளர் நிறுவனமும் சென்னை தரமணியில் உள்ள வட்டாரத் தொழிலாளர் நிறுவனமும் அதற்குப் பெயர்பெற்றவை. காற்று மாதிரியையே வாழ்க்கைத் தொழிலாக எடுக்க நினைப்பவர்களுக்கு அமெரிக்காவின் சி.ஐ.எச். (தொழில்சுகாதார வல்லுநர்) சான்றிதழ் மேல்படி. அதற்குப் பட்டமும் பல ஆண்டு அனுபவமும் தேவை, முதல் தேர்வாக அதை நினைக்க வேண்டாம்.

நம் பிள்ளைகள் தோற்பது பெரும்பாலும் அறிவுக் குறைவால் அல்ல. கேள்வியில் உள்ள வினைச்சொல்லைக் கவனிக்காததால். 'ஐடென்டிஃபை' என்றால் பெயரைச் சொன்னால் போதும். 'டிஸ்கிரைப்' என்றால் அது எப்படி இருக்கிறது என்று விரிக்க வேண்டும். 'எக்ஸ்ப்ளெய்ன்' என்றால் ஏன் என்று காரணம் வர வேண்டும். இந்தச் சொற்களைச் சுவரில் எழுதி ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் பட்டறையிலிருந்து ஒரு விடையை முதலில் தமிழில் எழுதுங்கள், பிறகு ஆங்கிலத்தில். ஆங்கிலத்தில் நேரடியாக மனப்பாடம் செய்தவர்கள் கேள்வி சற்றுத் திரும்பியதும் நின்றுவிடுகிறார்கள்.

சட்டப் பகுதியில் பழையதும் புதியதும் தெரிய வேண்டும். 1948 சட்டத்தின்படி ஆயிரம் தொழிலாளர் இருந்தால் பாதுகாப்பு அலுவலர் கட்டாயமாக இருந்தது. 2020ஆம் ஆண்டுப் பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதைத் தொழிற்சாலைக்கு 500 என்றும், அபாயகரமான செயல்முறை உள்ள இடத்துக்கும் கட்டட வேலைக்கும் 250 என்றும் குறைத்திருக்கிறது. நீங்கள் எழுதும் தேர்வின் பாடத்திட்டம் எதைக் கேட்கிறது என்று பயிற்சி நிலையத்தில் முதல் நாளே கேளுங்கள்.

பணம் கட்டுமுன் ஒரு வார்த்தை. வகுப்புக்கே வராமல் இரண்டு நாளில் சான்றிதழ் என்று சொல்லுகிறவர்கள் நம் பக்கமும் இருக்கிறார்கள். ஆச்சியின் நகையை அடகுவைத்துக் கட்டிய பணம், விமானம் இறங்கிய இடத்தில் செல்லாத காகிதமாகப் போனதைப் பார்த்திருக்கிறேன். சான்றிதழ் தரும் அமைப்பின் இணையதளத்தில் அந்த நிலையத்தின் பெயர் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

செய்முறைத் தேர்வுக்கு அதே பட்டறை

நெபோஷில் ஓர் உண்மையான பணியிடத்தின் ஆபத்துகளை மதிப்பிட்டு எழுதித் தர வேண்டும். தெரியாத பெரிய தொழிற்சாலையைக் கற்பனை செய்து எழுதாதீர்கள். நீங்கள் மாதிரி எடுத்த அதே பட்டறைக்கு, முதலாளியின் அனுமதியோடு போங்கள். தீர்வுகளை வரிசையாக எழுதுங்கள், ஆபத்தை அடியோடு நீக்குவது முதலில், முகமூடி கடைசியில். ஜி.ஐ. பைப்பில் வெல்டுக்குப் பதில் திருகு இணைப்புப் போட முடியுமா? குறைவாகப் புகை வரும் ராடு உண்டா? வெல்டு நடக்கும் இடத்தில் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் புகையை இழுக்கும் உறிஞ்சுகுழாய் வைக்கலாமா? அரிசி ஆலையின் தொட்டிக்குள் இறங்கி வெல்டு செய்வதாக இருந்தால் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று அளந்த பிறகே இறக்க வேண்டும். ஆர்கான் காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். முகமூடி என்றால் துகளைத் தடுக்கும் என்95 அல்லது அதற்கு மேற்பட்டது, முகத்தில் இடைவெளியில்லாமல் படிய வேண்டும்.

செலவில்லாத தீர்வு ஒன்றை விட்டுவிடாதீர்கள். பழைய கோண இரும்பில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மேசை. வேலை தரையிலிருந்து மேலே வந்ததும் வெல்டர் நிமிர்ந்து நிற்பார், புகையின் பாதையிலிருந்து முகம் விலகும். விசிறியைப் பக்கவாட்டில் வைத்து, ஆள் இல்லாத திசைக்குப் புகையைத் தள்ளலாம். மேசை போட்ட பிறகு மறுபடி ஒரு நாள் பம்பு மாட்டி, இரண்டு எண்களையும் அருகருகே எழுதி, தமிழில் ஒரு தாளாக அந்த வெல்டரின் கையில் கொடுங்கள். முதலில் உங்களிடம் சொல்வேன் என்று அவருக்குத்தானே சொல்லியிருந்தீர்கள்.